சுவருக்கும் தலைக்கும் நடுவே

குஞ்சம்மாளுக்குப் பெரிய தொண்டை. பன்னிரண்டு வருஷம் பஞ்சாலையில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள். மில் வேலை போய், மனநல ஆஸ்பத்திரியில் இளம்பெண்கள் வார்டுக்கு ஆயாவாக வந்த பிறகும் அது இறங்கவில்லை. மூலக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் புருஷன் இராமதாஸைத் திட்ட ஆரம்பிப்பாள். வார்டு முழுக்கக் கேட்கும். கேட்டால் என்ன, அங்கே யாருக்குப் புரியப்போகிறது என்பது அவள் எண்ணம். அதிலும் செல்வாம்பாள் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

செல்வாம்பாள், நோணாங்குப்பத்தில் மீன் விற்கும் சாமிக்கண்ணுவின் மகள். பதினேழு வயது. வந்து இரண்டு வருஷமாகியும் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை, பேசியதில்லை. திடீரென்று எழுந்துபோய்ச் சுவரில் தலையை மோதுவாள். குஞ்சம்மாள் அவளைப் பிடித்து இழுக்கமாட்டாள். இழுத்தால் வெறி கூடும். தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துவிடுவாள். மோதல் அத்தனையும் கையில் விழும், கொஞ்ச நேரத்தில் பெண் தானாக அடங்கிவிடுவாள். எந்த டாக்டரும் சொல்லிக்கொடுத்த வித்தை அல்ல இது.

வீங்கிய விரல்களைப் பார்த்து இராமதாஸ், "யாருகிட்ட அடி வாங்கின?" என்பான்.

"ஒன்ன மாதிரி ஒரு செவுத்துக்கிட்ட" என்பாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் டாக்டர் கிருஷ்ணசாமி ஒரு காகிதம் எழுதினார். செல்வாம்பாளுக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியவில்லை, மாதக் கடைசியில் வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று. அங்கே போன யாரும் திரும்பி வந்து குஞ்சம்மாள் பார்த்ததில்லை. போய்க் கெஞ்சினாள்.

"ஒருத்தரையாவது அவ கவனிக்கிறான்னு காட்டும்மா, நிறுத்திடறேன்" என்றார் டாக்டர். அவளிடம் காட்ட ஒன்றுமில்லை.

அந்த வாரம்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். மனசு கலங்கிய பிள்ளைகளைப் பற்றி உள்ளது உள்ளபடி எடுக்கிறார்களாம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. "பின்ன எவன் பாப்பான்?" என்று குஞ்சம்மாள் சொன்னது டைரக்டர் காதிலேயே விழுந்தது. நடிக்க வந்த பெண் நான்கு நாள் வார்டு உடையில் மூலையில் உட்கார்ந்து, வார்டு சோற்றையே தின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை, வார்டின் கோடியில் இருந்த அறையில் கேமரா வைத்தார்கள். சுவரில் பஞ்சு வைத்து வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. யாரும் குறுக்கே வரக்கூடாதென்று குஞ்சம்மாளிடம் இரண்டு தடவை சொன்னார்கள். வார்டுப் பெண்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

நடிகைப் பெண் எழுந்துபோய்த் தலையை மோதினாள். வெறும் நடிப்பு, உள்ளே பஞ்சு, எல்லாம் தெரியும்; ஆனாலும் குஞ்சம்மாளின் கால் நகர்ந்துவிட்டது. அதற்குள் அவளை உரசிக்கொண்டு யாரோ உள்ளே போனார்கள்.

செல்வாம்பாள்.

அவள் நடிகையைப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தாள். இரண்டு மோதல் அந்தக் கையில் விழுந்தது. நடிகை திகைத்துத் திரும்பினாள். செல்வாம்பாள் அவள் முகத்தை நேராகப் பார்த்து, "வலிக்கும்" என்றாள்.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நடிகை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோயிலில் திரை விலகினால் கும்பிடுவது போல குஞ்சம்மாளின் கை தானாகக் குவிந்தது. வாசலில் நின்றிருந்த டாக்டர், "அந்தக் காகிதத்தக் கிழிச்சுடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் குஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்படியென்றால் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள். போன ஐப்பசியில், வீட்டுச் சண்டையின் எரிச்சலில், "பொணத்துக்குச் சோறு ஊட்றேன் நானு" என்று இவள் தலைக்கு மேலேயே சொன்னது நினைவுக்கு வந்தது.

மத்தியானம் தட்டோடு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் பிசையக் கை போயிற்று, நிறுத்திக்கொண்டாள்.

"கொழம்பா, ரசமா? எது வேணும் கண்ணு?"

இரண்டு வருஷம் ஊட்டியவள், கேட்டது அன்றுதான். செல்வாம்பாள் தட்டைப் பார்த்து வெகுநேரம் யோசித்தாள்.

"ரசம்" என்றாள் செல்வாம்பாள். "கொழம்பு எனக்குப் புடிக்காது."