பூட்டிய கதவையும் தட்டியவள்

பள்ளியில் முதல் மணி அடித்துக்கொண்டிருந்தபோது தங்கத்தின் மகள் போன் செய்தாள். "அத்தே, அம்மை போயிட்டா." முந்தின நாள்தான், புது வாக்காளர் படிவக்கட்டு வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டிருந்தாள் தங்கம். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

தங்கலெட்சுமியை உங்களில் பலருக்குத் தெரியும். அங்கன்வாடி டீச்சர், அதோடு வாக்காளர் பட்டியலை வீடுவீடாகப் போய்ச் சரிபார்க்கும் பி.எல்.ஓ. தக்கலைக்கு வெளியே தென்னந்தோப்பெல்லாம் பிளாட்டாகிப்போன பகுதியில் அவளுக்கு ஒரு வாக்குச்சாவடி, அதை ஒட்டி, பள்ளி டீச்சரான எனக்கும் ஒன்று. கிழக்கே கொட்டாரம் ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் மேற்குப் பேச்சைக் கேட்டு, "ஏட்டி, நீங்க பேசுதியளா, பாடுதியளா?" என்று கிண்டல் செய்வாள்.

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர், "உங்க தொகுதியில எந்த ஆளுங்க அதிகம்?" என்று அவளிடம் கேட்டார். "எல்லாரும் அதிகம்தான் சாரே. நடந்து பாருங்க" என்றாள். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் பெருமை. ஒரே தெருவில் ஐயாவழிக்காரர் வீடு, பள்ளிவாசலுக்குப் போகிறவர் வீடு, துபாய்க்காரர் பூட்டிப்போன வீடு எல்லாம் உண்டு. பிள்ளைகள் படிப்புக்காகக் கடலோரத்திலிருந்து வந்து குடியேறிய மீனவர்களும் உண்டு. யார் எப்போது வீட்டிலிருப்பார்கள் என்பது அவள் காலண்டரில் இருந்தது. ஐயாவழிக்காரர்களின் மாசி இருபது, பெருநாள், ஓணம், கோயில் கொடை, சர்ச் திருநாள் எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம். நமக்கு லீவு, அவளுக்கு அன்றைக்குத்தான் வேலை.

ஒரு வருடம் மீனவர் தெருவில் வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. ஆண்கள் ஆழ்கடலில், பெண்கள் தாய்வீட்டில். "குடிபெயர்ந்துட்டாங்கன்னு எழுதி முடிங்கம்மா" என்று மேலே இருந்து சொன்னார்கள். "ஆளைப் பாக்காம பேரை வெட்டமாட்டேன்" என்றாள். படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின ஞாயிறு, அவர்களுடைய சொந்த ஊரில் சர்ச் தேர்ப்பவனி; கடலுக்குப் போனவர்களும் அதற்குக் கரை திரும்பிவிடுவார்கள். படிவக்கட்டோடு பஸ் ஏறினாள், நானும் போனேன். கூட்டத்துக்குள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள். "டீச்சர், தேர் இழுக்க வந்தியளா?" என்றார் ஒருவர். "ஓய், உம்ம பேரைப் பிடிச்சு இழுக்க வந்தேன். இதுல கையெழுத்து போடும்" என்றாள். அந்தத் தெருவில் ஒரு பெயரும் போகவில்லை.

என் கதை வேறு. மகள் வீட்டோடு போய்விட்டார் என்று பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி, பாத்திமா உம்மாவின் பெயரை நான் நீக்கிவிட்டேன். ஓட்டு நாளில் அவர் வெள்ளைத் துப்பட்டியோடு வந்து நின்றார். "நான் சாவலியே மக்கா" என்றார். வெட்கத்தில் என்னால் நிமிரவே முடியவில்லை. தங்கம் திட்டுவாள் என்று நினைத்தேன். மறுவாரமே என்னை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், புதுப் படிவத்தை என் கையாலேயே நிரப்பவைத்தாள். திரும்பும்போது, "இனி பாத்துட்டு வெட்டு" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அவளுடைய வாக்குச்சாவடியும் என் பொறுப்பில் வந்திருக்கிறது. முதல் வேலையே அவள் பெயரை நீக்குவது. இறப்புச் சான்றிதழ் இருக்கிறதே, இங்கேயே உட்கார்ந்து முடியுங்கள் என்றார்கள் ஆபீசில். நான் கேட்கவில்லை. நடந்துபோய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். "தெரிஞ்சதுதானே அத்தே, எதுக்கு இந்த வெயில்ல?" என்றாள் மகள். காலியாகக் கிடந்த அவள் நாற்காலியின் எதிரில் உட்கார்ந்து அழுதேன். பிறகு பேனாவைத் திறந்தேன்.

காலண்டரை மகள் கழற்றித் தந்தாள். என் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அடுத்த சிவப்பு வட்டம் மீனவர் ஊர்த் தேர், நான் போவேன். உன் பெயரையும் பார்க்காமல் வெட்டவில்லை, தங்கம்.