ஊரில் காப்புக் கட்டிய வாரம்

திலகவதி மாற்றலாகிப் போய் நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திருவரங்குளம் பக்கம் இளைஞர் மன்றம் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றும் அவள் பெயர்தான் வரும். வரத்தான் வேண்டும். மணமேல்குடியில் பிறந்தவள்; இளைஞர் நலப் பணியாளராக இங்கே வந்தபோது மைக் பிடித்துப் புத்தி சொல்லவில்லை. கடலை உடைக்கிற வீடுகளில் தானும் உட்கார்ந்து உடைத்தாள். பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். அப்படித்தான் பெண்பிள்ளைகளும் மன்றத்துக்கு வந்தார்கள். அதெல்லாம் ஒரு காலம்.

அந்தச் சித்திரையில் புதுக்கோட்டையில் இரண்டு நாள் முகாம், இரவு தங்கலோடு. ஐந்து பெண்களை அனுப்ப ஊர் சம்மதித்தது அதுவே முதல் தடவை. இது தவறினால் இன்னொரு சம்மதம் லேசில் வாய்க்காது.

முகாமுக்கு முதல் நாள் பெண்களிடம் பேசிவிட்டுப் போகலாம் என்று திலகவதி பஸ்ஸை விட்டு இறங்கினால், தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. பரீட்சை முடிவதைப் பார்த்துத் தேதி வைத்தவள் திருவிழாவைக் கேட்கவில்லை. அவள் ஊரில் அது ஆடியில்தான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேடி?" என்று மன்றத்துப் பெண்களிடம் கேட்டாள்.

"சொன்னா முகாமே இல்லைன்னுருவீங்கன்னு பயந்துட்டோம்க்கா" என்றாள் மன்றத் தலைவி காவ்யா.

"சரி, கேக்காம தேதி வச்சது என் தப்பு. இப்ப என்ன செய்யலாம்? நீங்க சொல்லுங்க."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளிடம் யோசனை இருந்தது. ஆனாலும் நாக்கை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அந்த வேலையில் அதுதான் கஷ்டம்.

"ராத்திரிதானேக்கா தங்கக்கூடாது? ரெண்டு நாளும் காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்துருவோம்" என்றாள் காவ்யா.

அவளே போய் அப்பா சோலையப்பனிடம் கேட்டாள். கோயில் காரியம் பார்ப்பவர். அவர் சொன்னால் மற்ற வீடுகளும் கேட்கும். அவர் கூட வந்திருந்த திலகவதி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஒங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

"போறது அவுங்கதானேங்க. அவுங்களே கேக்கட்டும்."

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும். தப்புச்சுன்னா மறுநாள் பஸ்ஸேற முடியாது."

முகாமில் முதல் நாள் இவர்கள் பேச வேண்டிய நேரத்தைச் சாயங்காலம் கடைசியில் வைத்திருந்தார்கள். காவ்யாவே நடத்துகிறவர்களிடம் போய், "எங்க ஊருல காப்புக் கட்டியிருக்குங்க" என்று சொல்லி அதை மத்தியானத்துக்கு மாற்றி வாங்கினாள். திலகவதி பின்வரிசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

சாயங்கால பஸ்ஸில் நிற்க இடமில்லை. இறங்கும்போது வெயில் தாழ்ந்து, விளக்கு வைக்கக் கொஞ்சம் நேரமே இருந்தது. நிறுத்தத்தில் சோலையப்பன் நின்றார். இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சோறு போட்டாங்களா?"

"போட்டாங்கப்பா. சாம்பார் சாதம். உப்பே இல்லை."

"அப்ப நாளைக்கு ஊறுகா எடுத்துட்டுப் போங்க" என்றபடி அவர் முன்னால் நடந்தார்.