பெண்கள் வாசலில் உடைந்த மர்மம்

அரியலூர் டூரிங் டாக்கீஸில் பெண்கள் வாசல் வீரம்மாளுடையது. முதலாளி சாமிதுரைக்கு அது நாலு கீற்றும் ஒரு மூங்கில் தட்டியும், அவ்வளவுதான். ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் சுமந்தவள் அவள். கட்டியவன் ரங்கூனுக்குக் கப்பலேறித் திரும்பாமல் போனபின், யாரிடமும் கையேந்தாமல் பிழைக்கக் கிடைத்த வாசல் அது. உலகச் சண்டை முடிந்த வருடத்திலிருந்து அங்கேதான் டிக்கெட் கிழிக்கிறாள்.

ஒரு வருடம் மாசியில் ஒரு பேய்ப் படம் வந்தது. முதல் ஆட்டத்திலேயே, படம் பார்க்க வந்திருந்த உள்ளூர்க்காரி செங்கமலத்தின் மகன் வீரிட்டு அலறினான். ஜன்னி கண்டு படுத்து, எப்படியோ பிழைத்தான். செங்கமலம் சந்தையில் வைத்து வீரம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான கிழிச்சு உள்ள விட்ட? என்ன படம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

வீரம்மாளுக்குச் சுருக்கென்றது. கேட்டது நியாயம்தானே.

அன்றிலிருந்து பிள்ளையோடு வந்த எந்தத் தாயும் கதை கேட்காமல் உள்ளே போகவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை வரும், அப்போது பிள்ளையின் கண்ணைப் பொத்து. பாம்பு பல் பிடுங்கினது, பயமில்லை. மாசமாக இருக்கிறவள் இடைவேளையோடு எழுந்து வந்துவிடு. இப்படித் தாய்மாருக்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் குனிவாள்.

"வெள்ளப் பொடவ கட்டிக்கிட்டு வரது பேயில்லடா. சொத்துக்கு ஆசப்பட்ட சித்தப்பன். மீச தெரியும், நல்லா பாரு."

மீசையைத் தேடுவதற்கென்றே பிள்ளைகள் உள்ளே ஓடின. பேய் வந்ததும் கைகொட்டிச் சிரித்தன.

சாமிதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டு வண்டியில் தமுக்கடித்து, நெஞ்சுரம் இல்லாதவர் வரவேண்டாம் என்று நோட்டீஸ் விட்டு, அவர் பாடுபட்டு மூட்டிய பயமெல்லாம் வாசலிலேயே அணைந்துபோனால் மனிதர் என்ன செய்வார், பாவம். இனி கதையைச் சொன்னால் வேலை இல்லை என்றார். அப்படியானால் பிள்ளைகளை உள்ளே விடமாட்டேன் என்றாள் வீரம்மாள். விடாவிட்டாலும் வேலை இல்லை என்றார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் வாசலில் கூட்டம் சேர்ந்தது. வீரம்மாள் தட்டியைக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்காரிகளை ஒதுங்கி நிற்கச் சொன்னாள். கூச்சல் கேட்டு சாமிதுரை விரைந்து வந்தார். வரிசையில் முதலில் நின்றது அவர் மனைவி புஷ்பவல்லி. அவள் முந்தானையைப் பிடித்தபடி மகள் தனம். உள்ளே என்னதான் வரும், குழந்தை பயந்துவிடுமா என்று புஷ்பவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவுங்க," என்றாள் வீரம்மாள். "மொதலாளியயே கேளுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தனத்தின் உதடு அழுகைக்குத் துடித்தது. சாமிதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, மகளின் காதில் ஏதோ முணுமுணுத்தார். மீசை என்ற ஒரு சொல் மட்டும் வீரம்மாளுக்குக் கேட்டது. வேலை போனால் போகட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

"சத்தமா சொல்லுங்க மொதலாளி," என்றாள், தட்டியை விடாமல். "பின்னாடி நிக்கிற புள்ளைங்களுக்கும் கேக்கணும்."