கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க

மற்ற தொழில்களில் தப்பு செய்தால் எப்படியாவது மூடி மறைக்கலாம். போட்டோ ஸ்டூடியோக்காரன் தப்பு செய்தால் அதற்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டு நடுவீட்டில் மாட்டிவிடுவார்கள். இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி, ஆளுயரப் படம் போட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்ட அன்பர்களே, நானும் உங்கள் ஜாதிதான். திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் கடை. நான் பட்டதைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்குத்தான் எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஊரிலேயே முதல்

பிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நெகட்டிவை ரயிலில் சென்னை லேபுக்குக் கொண்டுபோனால் ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கித் தருவார்கள். கண் இமைகூடத் தெரியும். அதே நினைப்பில்தான் டிஜிட்டலையும் வாங்கினேன். இரண்டு மெகாபிக்சல். அது கூடுதலா குறைச்சலா என்று யாரைக் கேட்பது? கடை வாசலில் "திருத்தணியில் முதன்முறையாக! எந்த அளவிலும் படம்!" என்று போர்டு எழுதி வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்வது என் மனைவி ரேணுகா. முதல் வாரமே ஒருவர் முகத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கண் கரைந்தது, மூக்கு கரைந்தது, கடைசியில் கட்டம் கட்டமாக நிறம் மட்டும் மிஞ்சியது. கேமரா பிடித்த புள்ளிகள் அவ்வளவுதான். பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும், புதிதாக ஒன்றும் வராது. ஒரு டம்ளர் டிகாக்‌ஷனை வைத்துக் கல்யாணக் கூட்டத்துக்கே காபி கலந்த கதை. ரேணுகா என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "வாசல்ல 'எந்த அளவிலும்'னு எழுதி வெச்சிருக்கீங்களே, மொதல்ல அத அழிச்சுட்டு வாங்க."

தலைவரின் முகம்

நான் அழிக்கவில்லை. எழுதினது எழுதினதாக இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. அதற்கான பலன் ஆடிக் கிருத்திகைக்கு வந்து சேர்ந்தது.

கனகம்மாசத்திரத்தில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் அந்த ஊர்க் காவடிக் குழுவுக்குத் தலைவர். குழுவோடு நின்று எடுத்த படத்திலிருந்து தன் முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிய பேனர் போடச் சொன்னார். கூட்டத்துப் படத்தில் அவர் முகம் ஒரு பொட்டு அளவு. அதை ஆளுயரத்துக்கு இழுத்து, சென்னையில் அச்சடித்து, திருப்பதி ரோட்டோரம் கட்டியாயிற்று. அண்ணாந்து பார்க்கிறேன். முருகன் பளிச்சென்று இருக்கிறார், மயில் பளிச்சென்று இருக்கிறது. தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கட்டங்கள் இருக்கின்றன.

பஸ்ஸுக்கு நின்ற ஜனமெல்லாம் பார்க்கிறது. எனக்குக் காது சுட்டது. "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க தலைவரே, நல்லாத் தெரியும்" என்றேன். முழுப் பொய்யும் இல்லை, தூரப் போனால் கட்டங்கள் கலந்து முகம் மாதிரி ஒன்று வரும். அவர் நல்ல மனுஷன். பேனரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். நடந்து நடந்து ரோட்டுக்கு நடுவிலேயே போய்விட்டார். திருப்பதி பஸ் ஒன்று கிறீச்சென்று நின்று ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கிருந்தே கத்தினார்: "இன்னும் எவ்ளோ தூரம்தான்பா தள்ளிப் போறது? ஆந்திராவே வந்துடும் போலக்குதே!"

துளியூண்டு கார்டு

கேமராவோடு வந்த மெமரி கார்டு துளியூண்டு. முழு அளவில் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும். கடைக்கு இறங்கி வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மறுபடி மலையேற வேண்டும். விசேஷ நாள் கூட்டத்தில் நடக்கிற காரியமா அது? அதனால் கேமராவில் அளவைச் சிறியதாக வைத்துவிடுவேன். நிறையப் படம் பிடிக்கும். போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டுக்கு அது போதும், மலைக்கு வருகிறவர்கள் கேட்பதும் அதைத்தான்.

அப்படி ஒரு நாள் மொட்டை போடுகிற இடத்தில் சங்கர் என்பவர் கூப்பிட்டார். அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிறவர். ரெண்டு வயசுப் பையனுக்கு முதல் மொட்டை. முடி இறக்குவதற்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் பாவாடை கட்டி, பூ வைத்துப் பின்னி ஒரு படம் எடுத்துக்கொள்வார்களே, அதற்குத்தான். தோள் வரை தொங்கிய முடியில் மல்லியும் கனகாம்பரமும் தைத்திருந்தாள் அவன் அம்மா. "நல்லா எடுங்கண்ணா, இந்த முடி இன்னியோட போயிடும்" என்றாள். பையன் அழுதுகொண்டே இருந்தான். சங்கர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மீசையை முறுக்கிக் காட்டவும், "நைனா!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அந்த நொடியில் அழுத்திவிட்டேன். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். அளவை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கத்தியோடு காத்திருந்தவர் கேட்டார்: "ஆச்சாண்ணா? தலைக்குத் தண்ணி தெளிச்சுடட்டா?"

பிள்ளை உயரம்

சில நாள் கழித்து சங்கர் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். தறியில் கிடைப்பது போதவில்லை, டிரைவர் வேலைக்குக் குவைத் போகிறாராம். அடுத்த வாரம் விமானம். போனால் திரும்பி வர வருஷக்கணக்காகும். சட்டைப் பையிலிருந்து தறிப் பாவு நூல் ஒன்றை எடுத்தார். பையனை நிற்க வைத்து, அவன் உயரத்துக்கு அறுத்த நூல். "இவ்ளோ ஒசரத்துக்கு அந்தப் படத்தப் போட்டுக் குடுங்க. சுருட்டி எடுத்துகினு போயிடறேன்" என்றார்.

ரேணுகா படத்தைத் திறந்தாள். அதன் அளவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி எடுக்கலாம் என்றால் முடி எங்கே? சின்ன அளவில் எடுத்துத் தொலைத்த விஷயத்தைச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ண முடியாதுங்களா?" என்றார். ரேணுகா முடியாது என்று தலையை ஆட்டினாள். அப்போதும் பாருங்கள், என் வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷத்தில், "பரவால்லங்க, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா நல்லாவே தெரியும்" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "அங்க ஒரே ரூம்ல அத்தினி பேருங்க. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன் படுக்கணும். திரும்பிப் படுத்தா சுவரு மூஞ்சில இடிக்கும்னு போய் வந்தவன் சொல்றான். அந்தச் சுவத்துலதான் ஒட்டப் போறேன். தள்ளி நிக்க எடம் ஏதுங்க?"

இரண்டு படம்

நூல் அளவுக்கே பெரிதாகப் போட்டோம். கட்டங்கள் தெரியாமல் இருக்க ரேணுகா தேய்த்துத் தேய்த்து மெழுகியதில், பையன் பனிமூட்டத்துக்குள் சிரிக்கிற மாதிரி வந்தான். அதோடு போஸ்ட்கார்டு சைஸில் ஒன்று போட்டேன். அதில் கனகாம்பரத்தை எண்ணலாம், முன்பல் இரண்டும் தெரிந்தன. சங்கர் சின்னதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெரியதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம்தான் வாசல் போர்டை அழித்தேன்.

அடுத்த வருஷம் பையனோடு அவன் அம்மா வந்தாள். முடி வளர்ந்திருந்தது. குவைத்துக்கு அனுப்பப் புதுப் படம் வேண்டுமாம். கேட்பதற்கு முன்பே கேமராவை முழு அளவுக்கு மாற்றிவிட்டேன். மீசையை முறுக்கிக் காட்டத்தான் ஆள் இல்லை. நான் முறுக்கிக் காட்டினேன், பையன் வெறித்துப் பார்த்தான். அப்படியே எடுத்தேன். பெரிய படம் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ஆங், சுவத்துலதாண்ணா ஒட்டி வெச்சிருக்கறாரு. பாக்கறவங்கல்லாம் இது யாரு யாருன்னு கேக்கறாங்களாம். எம் புள்ளதான்னு நம்ப வெக்கறதுக்கு, பையில இருந்து சின்னத எடுத்துப் பக்கத்துல வெச்சுக் காட்டறாராம்."

இப்போதெல்லாம் யாராவது பெரிய படம் கேட்டு வந்தால், எத்தனை அடி வேண்டும் என்பதற்கு முன்னால் எத்தனை அடி தள்ளி நின்று பார்ப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன், அவர்களும் என்னைப் பெரிய விவரஸ்தன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.