நிஜாம் சொன்ன வழியும் போன வழியும்

புதுப்பட்டினத்துக் கடையிலிருந்து நிஜாமின் தம்பி போன் செய்தபோது, மறைமலைநகரில் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அண்ணன் மௌத்தாயிட்டாருண்ணே. பிளேன எறக்கிட்டு ரூமுக்குப் போயிருக்காரு. நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தவரு எந்திரிக்கல" என்றான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது ஆறாமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

கேப்டன் நிஜாமை உங்களில் பலருக்குத் தெரியும். விடுமுறையில் ஊருக்கு வந்தால் கைலியோடு கடைக் கல்லாவில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கலாய்ப்பான். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் முதலில் வண்டியோடு வந்து நிற்பதும் அவன்தான். பள்ளித் தோழர்கள் அவனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த நிஜாமை விட்டுவிட்டு என்னால் எழுத முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் விமானி ஆவதென்று கிளம்பினோம். என் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, அவன் அத்தாவுக்குப் பாத்திரக்கடை. எனக்கு அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் இடமே கிடைத்துவிட்டது. வேண்டாமென்று தடுத்தவன் நிஜாம்.

"அங்க சீக்கிரம் பறக்கலாம், ஒத்துக்கறேன். திரும்பி வந்து இன்னா பண்ணுவ? மறுபடியும் இந்த ஊரு பரீட்ச எழுதணும், இந்த ஊரு பிளேன்ல ஓட்டிக் காட்டணும். அந்தப் பேஜாரு எதுக்கு மச்சான்? நம்ம மழ, நம்ம காத்து, எல்லாம் இங்கியே பழகிக்கலாம். ரெண்டு பேரும் ஒண்ணா கீறோம், இன்னா கொறச்சல்?"

அமெரிக்க இடத்தை வேண்டாமென்று எழுதிப் போட்டேன். அப்பா ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தோம். திசைக் கணக்கும் விமான விதிகளும் நான் சொல்லித்தர, அவன் பிடித்துக்கொள்வான். வானிலையில் மட்டும் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். "மேகத்துக்குப் பேரு சொல்றது பெரிசில்ல மச்சான். நம்ம கிட்ட வருதா, உட்டுட்டுப் போவுதா, அத்தச் சொல்லு" என்பான். அவன் படித்த வேகத்தைப் பார்த்து, இங்கேயே இருக்கத்தான் இப்படி உயிரைக் கொடுத்துப் படிக்கிறான் என்று நம்பினேன். வெளிநாட்டில் உரிமம் வாங்கி வருகிறவனும் இதே பரீட்சையில் தேற வேண்டுமென்று அவனே சொல்லியிருந்தான். அது என் மண்டையில் ஏறவில்லை.

இருவரும் தேறினோம். குடும்பத்தோடு நாகூர் போய்விட்டு வருகிறேன், வந்ததும் ஃப்ளையிங் கிளப்பில் சேரலாம் என்றான். வருவான் வருவான் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். அவன் அத்தா என் கையில் அல்வாவை வைத்தார்.

"புள்ள அமெரிக்காவுக்குப் பறக்கப் படிக்கப் போயிருக்கு தம்பி. நீயும் அடுத்த மாசம் அங்க வந்துருவேன்னு சொல்லிச்சே. டிக்கெட் போட்டாச்சா?"

"இன்னும் போடல அத்தா" என்றேன். அந்த அல்வாவை அவர் எதிரிலேயே தின்று முடிக்க வேண்டியிருந்தது.

கிளப்பில் தனியாகச் சேர்ந்தேன். பறக்கிற நிலையில் ஒரே விமானம், அதற்கு எங்கள் வரிசை. அதுவும் அடிக்கடி பழுதாகும். அது சரியானால் மழை, மழை விட்டால் சொல்லிக்கொடுப்பவர் இல்லை. அவன் உரிமத்தோடு திரும்பி, நாங்கள் சேர்ந்து தேறிய பரீட்சையைக் காட்டி, வேலையில் சேர்ந்தபோதும் நான் வரிசையில்தான் இருந்தேன். கடைசிவரை, உரிமத்துக்குப் பறந்திருக்க வேண்டிய மணிக்கணக்கு எனக்கு நிரம்பவில்லை. உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன்.

அவன் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோது என்னை மாமல்லபுரம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஏன்டா என்று ஒரே வார்த்தைதான் கேட்டேன்.

"ஸ்கூல்லேந்து நீதான் ஃபர்ஸ்ட்டு, நான் ஒன் பின்னாடி. ஒரு எடத்துலயாச்சும் நீ இல்லாம இருக்கணும்னு தோணுச்சு மச்சான்."

"அதுக்கு நீ போயிருக்கலாம். என்னை ஏன்டா தடுத்த?"

 சாப்பிடப் போகலாமா என்றான் அவன். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்தமுறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவைத்தேன்.

அவன் இறந்த பிறகு, போன வாரம், என்னோடு வேலை செய்பவரின் மகள் வந்தாள். விமானி ஆக வேண்டுமாம், இங்கேயா வெளிநாட்டிலா என்று கேட்டாள். நிஜாம் சொன்ன காரணங்களை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாதது.

"இதெல்லாம் யாரு சொன்னது அங்கிள்?"

"என் சிநேகிதன். கேப்டன்."

"அப்ப அவர் இங்கதான் படிச்சாரா?"

இல்லை என்று சொல்லி, அவன் போன வழியையும் சொன்னேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த இரண்டும்தான். எந்த வழியில் போனாலும் கூட இருப்பவளிடம் சொல்லிவிட்டுப் போ என்று மட்டும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். நிஜாமுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அமெரிக்கா போனது அவன் அத்தா சொல்லித் தெரிந்தது, இந்த முறை போனது அவன் தம்பி சொல்லித் தெரிந்தது.