மரகதம் நர்சம்மா எழுதிய நாலாவது வரி

போன செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில், யார் யாரை முறைத்துக்கொண்டார்கள் என்று பக்கத்து மேசைக்காரரிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மச்சினனிடமிருந்து செல்லில் அழைப்பு. "மாமா, நம்ம நர்சம்மா போயிட்டாங்க" என்றான். "எந்த ஊருக்கு மாத்திட்டாங்க?" என்று கேட்டேன். அவன் மூக்கை உறிஞ்சினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தா.பழூர் பக்கத்து ஊர்களில் மரகதம் நர்சம்மாவைத் தெரியாத வீடு இல்லை. ஐம்பது கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவச வகுப்பு நடத்துவார். அன்றைக்கும் பெண்கள் வந்து பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியவர், ரோட்டைத் தாண்டியவர், வாசற்படியில் சாய்ந்துவிட்டார். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. எழுதுகிறேனே ஒழிய, இன்னும் நம்பவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, அதிகம் மிச்சமில்லை.

எட்டு வருடங்களுக்கு முன் என் மனைவி செல்வி முதல் தடவை உண்டாகியிருந்தாள். நான் பெரம்பலூரில் எழுத்தர். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதே என் உத்தியோகம். அப்போது டவுனில் ஒரு அம்மா, மாடியில் கர்ப்பிணிகளுக்குக் கட்டண வகுப்பு தொடங்கியிருந்தார். ஃபேன், மெத்தை விரிப்பு, இடைவேளையில் சாத்துக்குடி ஜூஸ். "கவர்மெண்ட்ல சும்மாவே சொல்லித் தராங்களே" என்றாள் செல்வி. "சும்மா குடுக்கறது சும்மாதான் இருக்கும்" என்று ஐந்தாம் மாதமே முழுப் பணத்தையும் கட்டினேன். ஏழாம் மாதத்துக்குமேல்தான் வகுப்பு, சனிக்கிழமைகளில். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

மாமியார் ஊரில் நடந்த வளைகாப்புக்கு வந்திருந்த மரகதம் நர்சம்மா, "மாப்ள சார், செவ்வாக்கெழம புள்ளைய அனுப்பி வைங்க" என்றார்.

"இல்லீங்க, நாங்க பெரம்பலூர்ல பணம் கட்டிச் சேந்திருக்கோம்."

"ஓகோ. புள்ள இங்க இருக்கும். அங்க யாரு போறது?"

"நான்தான்."

பந்தியே சிரித்தது. நான் நிஜமாகவே போனேன். கட்டின பணம் திரும்பாது என்றால் நான் எங்கே வேண்டுமானாலும் போவேன். பத்துப் பன்னிரண்டு கர்ப்பிணிகளுக்கு நடுவில், கதவோரம், நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். "கையை வயிற்றின் மேல் வைத்து மூச்சை இழுங்கள்" என்றபோது என் தொப்பையும் கடமையைச் செய்தது. பக்கத்திலிருந்த பெண், "உங்களுக்கு எத்தனாவது மாசம்ணே?" என்று கேட்டாள். நான், "எனக்கு ரெட்டைன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றேன். கூடமே குலுங்கியது. குறிப்பெழுதிச் செல்விக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்றே வரி: 'கால் வீக்கம் சகஜம். பயப்பட வேண்டாம். காலுக்கடியில் தலையணை வைக்கவும்.'

செல்வி அந்தத் தாளை நம்பினாள். புருஷன் வகுப்புக்கே போய் எழுதியதல்லவா? செவ்வாய் வகுப்புக்குப் போகவில்லை.

இலவச வகுப்பில் நர்சம்மாவின் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். "எல்லாரும் வளையலச் சுத்துங்கடி!" வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பார்கள். அதையே அவர் அளவுகோலாக்கிக்கொண்டார். வளையல் சுற்றினால் சரி. சுற்றவில்லையென்றால் கையில் வீக்கம், உடனே பிரஷர் பார்ப்பார். இரண்டு செவ்வாய் செல்வியைக் காணாமல் மூன்றாவது செவ்வாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வளையலச் சுத்து பாப்பா."

சுற்றவில்லை.

"புள்ள பூரிச்சிருக்கா நர்சம்மா" என்றார் அத்தை, என் மாமியார்.

"பூரிப்பு இல்லக்கா, வீக்கம். மூஞ்சியப் பாருங்க."

பிரஷர் எகிறிக் கிடந்தது. கார் பிடிக்கச் சொன்னார். கையை இறுக்கிக்கொண்டிருந்த வளையல்களைத் துணி சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தார். "வளைகாப்பு வளையல உடைக்கிறியே, நீ வெளங்குவியா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "திட்டுங்கக்கா, கார்ல ஏறிக்கிட்டே திட்டுங்க" என்றாராம் நர்சம்மா. ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து தஞ்சாவூர். வழியெல்லாம் செல்வியின் தலை அவர் மடியில். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து, குறை மாதத்தில், கைக்கடக்கமாக எங்கள் மகள் பிறந்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் நர்சம்மா, செல்வியிடம் வாங்கி வந்திருந்த என் தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா மாப்ள சார்?"

"ஆமாங்க."

"அந்தம்மா இம்புட்டுதான் சொன்னாங்களா?"

இல்லை. கால் வீக்கம் சகஜம் என்று சொன்ன கையோடு அந்த அம்மா இன்னும் ஏதோ சொன்னார். அப்போதுதான் நான் ரெட்டைக் குழந்தை ஜோக்கை விட்டு, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சிக்கிட்டிருந்தேங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. பேனாவை வாங்கி, என் மூன்று வரிக்குக் கீழே நாலாவது வரியை எழுதிக் கையில் கொடுத்தார். "வர்ற சனிக்கெழம அங்க போயி எல்லாப் புள்ளைங்களையும் வளையலச் சுத்திப் பாக்கச் சொல்லுங்க. காசு கட்டுன கைன்னா வீங்காதா?" போனேன். சொன்னேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மறு வாரத்திலிருந்து வளையலில்தான் வகுப்பைத் தொடங்கினார்.

ஆனால் நான் பாதியை விட்டுவிட்டு எழுதியதை அத்தையிடமோ செல்வியிடமோ சொல்லவில்லை. "வளையல உடைச்சா. அதான் புள்ள குறை மாசத்துல பொறந்துச்சு" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். நர்சம்மாவோடு பேச்சை நிறுத்தினார். என்னைப் பற்றியோ, "எங்க மாப்ள கெளாசுக்கே போயி எழுதி அனுப்புனாரு" என்று பெருமை. ஒருமுறை கடைத்தெருவில் நர்சம்மாவை நிறுத்தி, "அத்தகிட்ட நீங்களாவது சொல்லிடலாமே" என்றேன். "நான் பிரஷர் பாக்கறவ, பஞ்சாயத்து பண்றவ இல்ல. சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க" என்று குடையை விரித்துக்கொண்டு போனார். ஊர்க்கதை எல்லாம் பேசும் இந்த வாய், இந்த ஒன்றை எட்டு வருடம் மென்று விழுங்கியது. எங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதையே அரசாங்கம் இதற்குள் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

சாவுக்குப் போனோம். அவர் வீட்டு வாசலில் வயிறும் பிள்ளையுமாக அவ்வளவு பெண்கள். தெருமுனையில் இருக்கும் அத்தை மட்டும் வரவில்லை. சுடுகாட்டுக்குப் போய் வந்து, குளித்து, ஈரத் தலையோடு அத்தை முன்னால் உட்கார்ந்தேன். செல்வியும் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், மணிபர்சிலிருந்து தாளை எடுத்து நாலு வரியையும் படித்தேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

அத்தை தாளை வாங்கி, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சேலையை உருவிக்கொண்டே, என் ஈரத் தலையைக்கூடக் கவனிக்காமல் கேட்டார்:

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க அத்தை."

சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. மேலே மூன்று வரி என்னுடையது. நாலாவது வரி மரகதம் நர்சம்மாவுடையது: 'கை, முகம் வீங்கினால் அன்றைக்கே வரவும்.' 'அன்றைக்கே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.