மலரக்கா அடியெழுத்தைத்தான் முதலில் வாசிப்பார்

காலை விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு நின்றபோது கோயில் தோழி யோகம் எனக்குப் போன் எடுத்தாள்.

"மலரக்கா மோசம் போயிட்டாவாம்."

"ஆர் சொன்னது?"

"கோயில்ல கதைக்கினம்."

"கோயில்ல ஆர்?"

அழுகைக்குள்ளும் யோகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கும் அவவின்ரை குணம் தொத்திப் போச்சு, சரசு!" என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான். உயிரோடு இருந்த ஒருவருக்கு எங்கள் பக்கத்தில் ஒருமுறை செத்தவீட்டு மலர்மாலைக்கே சொல்லிவிட்டார்கள். ஆகவே அக்காவின் மகள் துளசியின் குரலைக் கேட்கும்வரை நான் நம்பவில்லை. "ஓம் அன்ரி. அம்மா விடியப்புறம் போயிட்டா" என்று அவள் சொன்ன பிறகுதான் விளக்கின் முன் உட்கார்ந்தேன். அக்காவும் இப்படித்தான் கேட்டுக் கேட்டு உறுதிப்படுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது.

இராசமலர் சிவபாதம் என்ற முழுப் பெயரில் அவரைப் பலருக்குத் தெரியாது. ஸ்ட்ரெதத்தில் இருந்தார். கணவர் இறந்த பிறகு கைக்குழந்தையோடு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து, துளசியைப் படிப்பித்து ஆளாக்கியவர். கவுன்சிலில் எதிர்க்கட்சியாக இருந்த கட்சியில் சேர்ந்து, தேர்தல் வந்தால் வீடு வீடாகக் கதவு தட்டுவார். அவர்களுடைய துண்டுப்பிரசுரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பவரும் அவரே.

நான் அவரை முதலில் கண்டது தோர்ண்டன் ஹீத் பக்கம் எங்கள் கோயிலில், செருப்பு வைக்கும் இடத்தில். குனிந்து நிலத்திலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கோயில் சமையலறைக் கணக்கு என் பொறுப்பு. பருப்பு மூட்டையைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பேன். அப்படிப்பட்டவளுக்கு, கட்சிச் சின்னம் குத்திய ஒருவர் கோயில் வாசலில் குனிந்து நிற்பதைப் பார்த்தால் சந்தேகம் வராதா?

"என்ன அக்கா தேடுறியள்?"

"தேடேல்லைப் பிள்ளை. எழுத்துள்ள தாளை மிதிக்கிறாங்கள். சரசுவதியெல்லோ."

கையில் இருந்தவை துண்டுப்பிரசுரங்கள். அவருடைய கட்சியினதும் இருந்தது, மற்றக் கட்சியினதும் இருந்தது. இரண்டையும் சமமாகத் தட்டி, சேலைத் தலைப்பால் துடைத்து அடுக்கினார். என் பெயர் சரசுவதி என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். "அப்ப உன்னையுந்தான் மிதிக்கிறாங்கள்" என்றார்.

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அக்கா அதைத் தலைகீழாக வாசிக்கத் தொடங்குவார். தலைப்பைப் பார்க்க மாட்டார். அடியில் எறும்பளவு எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்கும். கண்ணாடியைத் தூக்கி அதை முதலில் பார்ப்பார். "தலைப்பு அவங்கள் எங்களுக்குச் சொல்ல விரும்புறது. அடியெழுத்து, சட்டம் கேக்குதெண்டு மனமில்லாமல் போடுறது. மனமில்லாமல் போட்டதைத்தான் முதல் வாசிக்க வேணும்" என்பார். எட்டாம் வகுப்போடு நின்ற நான் வீட்டுக்கு வரும் கடிதங்களையும் பால் பெட்டிகளையும் வாசித்துத்தான் இங்கிலீஷ் பழகினேன். நானும் அன்றிலிருந்து அடியிலிருந்தே தொடங்கினேன்.

அந்த வருடம் கவுன்சில் தேர்தலுக்கு முன்பு மில் லேன் ஆஸ்பத்திரிச் சண்டை தொடங்கியது. பணத்துக்கு இழுபறி, அவசரப் பிரிவை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அக்காவின் கட்சி மூடப் போகிறார்கள் என்று அச்சடித்தது. ஆளுங்கட்சி அது பொய் என்று அச்சடித்தது. கடிதப் பெட்டிக்குள் நாளும் பொழுதும் ஒரு தாள். இரண்டிலும் அதே ஆஸ்பத்திரி வாசற்படம். ஒன்றில் மழை, மற்றதில் வெயில்.

ஆளுங்கட்சிக்கு எங்கள் பகுதியில் ஆள் சேர்த்தவர் பலசரக்குக் கடை குணம் அண்ணை. அவரும் அக்காவும் செருப்பு வைக்கும் இடத்தில் முட்டிக்கொள்வார்கள்.

"மலர், கோயிலுக்கு வந்தும் பொய்யோ?"

"அண்ணை, உங்கடை கடைத் தராசைக் கோயிலுக்குக் கொண்டு வாங்கோ, ஆரின்ரை பொய் பாரமெண்டு நிறுத்துப் பாப்பம்."

"ஆஸ்பத்திரி மூடாது. எழுதித் தாறன்."

"எழுதித் தாங்கோ. அடியிலை பேரையும் போட்டுத் தாங்கோ."

குணம் அண்ணை எழுதித் தரவில்லை. அக்காவும் தன் கட்சியை முழுதாக நம்பியதாக நான் சொல்ல மாட்டேன். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "மூடுறதும் திறக்கிறதும் கவுன்சிலின்ரை கையிலை இல்லையடி. பிறகேன் கவுன்சில் வோட்டுக்கு ரெண்டு பேரும் உந்த ஆஸ்பத்திரியைத் தூக்கித் திரியினம்?" அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை ஒரு தாளிலும் பதில் காணவில்லை. இத்தனைக்கும் அந்தத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு அக்காவையே வேட்பாளராக நிறுத்துவதென்று அவருடைய கட்சி ஏறக்குறைய முடிவு செய்திருந்தது. எங்கள் பெண்களில் ஒருத்தி கவுன்சிலுக்குப் போவது சின்ன விஷயமில்லை. அக்காவுக்கு அந்த ஆசை இருந்தது. புது மேற்கோட்டுகூட வாங்கி வைத்திருந்தார்.

இனி, நடந்த பிழையைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமைகளில் பெண்கள் நாங்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சரை கட்டுவோம். தாளைச் சதுரமாக வெட்டி, திருநீறு வைத்து மடிக்கும் சின்னப் பொட்டலம்தான் சரை. மறுநாள் பூசை முடிய வரிசையில் வருபவர்களுக்கு அதைக் கொடுப்போம். பழைய தமிழ்ப் பத்திரிகை முடிந்துபோனதால் அன்று அக்கா பொறுக்கி வைத்திருந்த பிரசுரங்களை எடுத்தோம். எழுத்துள்ள தாள், சாமி காரியத்துக்குப் போனால் அதற்கும் புண்ணியம் என்றார் அக்கா. வெட்டியது அவர், மடித்தது நாங்கள்.

ஆளுங்கட்சித் தாளில் மேலே பெரிய எழுத்தில் "மில் லேன் அவசரப் பிரிவு மூடப்பட்டுவிட்டது!" என்று இருந்தது. அதன் கீழே, "இப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள்" என்று இருந்தது. கத்தரிக்கோல் இரண்டுக்கும் நடுவால் போனது.

ஞாயிறு மத்தியானம் யோகத்தின் கணவர் தில்லைக்கு நெஞ்சு வலித்தது. யோகம் அம்புலன்சுக்குப் போன் அடிக்க யோசித்தாள். தில்லைதான், "காரிலையே போவம், சுணங்காது" என்றார். திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டுச் சரைத் தாளில் அந்த மேல்வரியைப் பார்த்தாள் யோகம். வேறெங்காவது கிடந்த தாள் என்றால் நம்பியிருக்க மாட்டாள். கோயிலிலிருந்து, திருநீற்றோடு வந்த தாள். மில் லேன் ஆஸ்பத்திரி திறந்திருக்க, அதன் வாசலைத் தாண்டி, சனநெரிசலுக்குள்ளால் தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கார் போனது. தில்லை பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய தில்லை இல்லை. மாடிப்படி ஏற ஏலாது.

கதை பரவியது. அக்கா வேண்டுமென்றே வெட்டினார் என்றார்கள். "ஒவ்வொரு தாளின்ரையும் அடியெழுத்துப் பாக்கிறவா, இதை மட்டும் பாக்கேல்லையோ?" என்று குணம் அண்ணை மண்டபத்தின் நடுவில் நின்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தத் துண்டில் நின்றது அக்காவின் கட்சிக்குச் சாதகமான வசனம். யாருக்கு லாபமோ அவரைத்தானே சந்தேகிப்போம்? நானும் சந்தேகித்தேன்.

அடுத்த வெள்ளி பூசை முடிய, பிரசாத வரிசை தொடங்குமுன் அக்கா முன்னால் வந்தார். புது மேற்கோட்டு இல்லை, பழைய கம்பளிச் சட்டை. "வெட்டினது நான். வாசிக்காமல் வெட்டினன். கட்சிக்காரன் தந்திருந்தால் வாசிச்சிருப்பன். சாமிக்கெண்டு வெட்டேக்கை வாசிக்கத் தோன்றேல்லை. யோகம், தில்லைத் தம்பி, என்னை மன்னிக்க வேணுமெண்டு கேக்க எனக்கு வாயில்லை" என்றார்.

வெளியே வந்ததும் நான் மெல்லக் கேட்டேன், "உண்மையாவோ அக்கா?"

"என்னை நம்பாதை. என்னை நம்பச் சொல்லி நான் ஆரையும் கேக்கேல்லை. பொறுத்திருந்து பார், இதாலை எனக்கு என்ன லாபமெண்டு."

பார்க்கும் நாள் விரைவில் வந்தது. தில்லைக்காகத் தேவாரம் படிக்க நான் யோகத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா கஞ்சி கொண்டுவந்திருந்தார். அந்த நேரம் அவருடைய கட்சி அமைப்பாளர், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர், கேமராவோடு வந்தார். பேசியது இங்கிலீஷில். குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அத்தனையும் விளங்கியது.

"இவருடைய படம் ஒன்று போதும். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

"மிச்சம் என்றால்?" என்று கேட்டார் அக்கா.

"மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு இவர்தான் சாட்சி."

"அன்றைக்கு ஆஸ்பத்திரி திறந்திருந்தது."

"அதைச் சொல்லத் தேவையில்லையே. நாளைக்கு மூடத்தானே போகிறார்கள்? நோக்கம் நல்லது."

"நடுவால் வெட்டச் சொல்கிறீர்கள். நான் ஒருமுறை வெட்டிவிட்டேன். இந்த மனிதரின் நெஞ்சைப் பாருங்கள்."

அமைப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "மிஸஸ் சிவபாதம், வேட்பாளர் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை."

நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அப்படியானால் என் பெயர் இல்லாமலே முடிவாக்குங்கள்" என்றார். அமைப்பாளர் தேநீரைக் குடிக்காமலே போனார்.

யோகம்தான் அழுதாள். "அக்கா, கவுன்சிலுக்குப் போறதெண்டு எவ்வளவு ஆசையா இருந்தனீங்கள்!"

"விடடி. அந்த மேற்கோட்டு எனக்கு இறுக்கம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கஞ்சிக் கோப்பையைத் தில்லையின் கையில் கொடுத்தார். அன்றோடு என் சந்தேகம் போயிற்று. யாரோ சொல்லி அது போகவில்லை. கண்ணால் கண்டு போனது.

மற்றக் கட்சியும் சும்மா இருக்கவில்லை. கோயிலில் அக்கா சொன்னதை, "தாங்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று தலைப்பிட்டு அச்சடித்தது. அக்கா அதையும் தலைகீழாக வாசித்து, சரைக்கு உதவாது என்று மடித்து வைத்தார். தேர்தலில் அக்காவின் இடத்தில் நின்றவர் தோற்றார். தாள்கள் வருவதும் நின்றது.

அடுத்த குளிர்காலம் அக்கா என்னை பஸ்ஸில் ஏற்றி மில் லேனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவசரப் பிரிவுக் கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. இரவில் இந்தப் பிரிவு தற்காலிகமாக இயங்காது. வழக்கம்போல அக்காவின் கண் அடிக்குப் போனது. பெயரில்லை. கையெழுத்தில்லை.

"பாரடி சரசு. ரெண்டு பேரும் கத்திக் களைச்சாப் பிறகு, பேரில்லாத ஒருத்தர் வந்து ராக்கதவைச் சாத்திப் போட்டார்." "தற்காலிகம்" என்ற சொல்லை நகத்தால் தொட்டுப் பார்த்தார், காய்ந்த மையா ஈரமா என்று பார்ப்பவர்போல.

அக்காவுக்கு மூச்சு முட்டியது ஓர் இரவு. அம்புலன்ஸ் தூரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. விடியப்புறம் உயிர் பிரிந்தது. கிட்ட இருந்த கதவு திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று துளசி டொக்டரைக் கேட்டாள். சொல்ல முடியாது என்றார் டொக்டர். எனக்கும் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

ஆனால் எழுதிவிட்டார்கள். செத்தவீடு முடிந்த கையோடு இரண்டு தாள்கள் என் வீட்டுக் கதவுக்குள் வந்து விழுந்தன. ஒன்றில் "இந்தத் தூரம்தான் இவரைக் கொன்றது." மற்றதில் "கடைசிவரை ஆஸ்பத்திரி ஊழியரை வாழ்த்தியவர்." இரண்டிலும் ஒரே படம். கோயில் திருவிழாவில் அக்காவும் நானும் சேர்ந்து நின்று எடுத்தது. என்னை வெட்டிவிட்டார்கள். அக்காவின் தோளோரம் என் சேலையின் பச்சைக் கரை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு நிற்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் நினைவு மலரில் எழுதும்படி துளசி கேட்டபோது, "எனக்கு எழுத வராது பிள்ளை" என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அந்தப் பச்சைக் கரையைப் பார்த்ததும் ஓம் என்றேன். மலரக்காவை எந்தக் கட்சியும் கொல்லவுமில்லை, காப்பாற்றவுமில்லை. அவர் ஒரு பிழை விட்டார். அதை ஊரறியச் சொன்னார். அதே பிழையை இன்னொருவர் வேண்டுமென்று செய்யக் கேட்டபோது, தான் ஆசைப்பட்ட இடத்தை விட்டுக்கொடுத்து மறுத்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை மண்டபத்தில் அவருடைய பாயில் நான் இருந்தேன். சரைக்கென்று துளசி புது வெள்ளைத் தாள் வாங்கித் தந்திருந்தாள். ஒரு எழுத்துமில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே வெட்டினேன். எதிரே இருந்த யோகமும் திருப்பிப் பார்த்துத்தான் மடித்தாள்.

போயிட்டு வாங்கோ, அக்கா. சிவனடியில் இருந்து இந்தத் தாளையும் அடியிலிருந்தே வாசிப்பீர்கள் என்று தெரியும். அதனால் போடுகிறேன்:

எழுதியவரும் இதற்குப் பொறுப்பானவரும்: சரசுவதி குகநேசன், தோர்ண்டன் ஹீத்.